புதன்கிழமை வகுப்பை நிறுத்திவிடுங்கள், டீச்சர்

கேள்வி:

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவள் நான். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஞாயிறு மறைக்கல்வியில் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற தவக்காலத்தில் பெரியவர்களுக்கென்று ஒரு மறைக்கல்வி வகுப்பு தொடங்கினோம். புதன் மாலை 6.30 மணிக்குப் பங்கு மண்டபத்தில். பத்துக் கட்டளைகள், ஏழு அருளடையாளங்கள், திருச்சபைக் கட்டளைகள் என்று வரிசையாக நடத்தினேன். முதல் நாள் 40 பேர் வந்தார்கள். இப்போது 7 பேர், எல்லாருமே 60 தாண்டிய பெண்கள். ஆண்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஞாயிறு பூசையிலேயே பிரசங்கம் தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து வெளியே உள்ள குருசடிப் (சிலுவை நிற்கிற சின்னக் கோவில்) பக்கம் போய் நின்றுகொள்கிறார்கள். மூன்று குடும்பங்கள் பெந்தெகொஸ்து ஜெபவீட்டுக்குப் போய்விட்டன. “மாதாவிடம் வேண்டச் சொல்லி பைபிளில் எங்கே இருக்கு?” என்று அவர்கள் கேட்டால் நம் ஆட்கள் வாயடைத்து நிற்கிறார்கள். என் மருமகளே, “பாவத்தை ஏன் அத்தை ஒரு ஃபாதர்கிட்ட போய்ச் சொல்லணும்?” என்று கேட்டாள். எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பங்குத்தந்தையோ, “பெரியவங்க மாற மாட்டாங்க டீச்சர், பிள்ளைகளைப் பாருங்க, அவங்கதான் எதிர்காலம்” என்கிறார். பெரியவர்களுக்கு ஏற்ற நல்ல பாடத்திட்டம் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

பாடத்திட்டத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் புதன்கிழமை வகுப்பை நிறுத்திவிடுங்கள். அந்த 7 பேரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

புதன் மாலை 6.30 மணிக்கு உங்கள் ஊரில் யார் எங்கே இருப்பார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். விசைப்படகுக்காரர்கள் ஆழ்கடலில். வள்ளத்துக்காரர்கள் விடியுமுன் எழுந்து போக வேண்டியவர்கள், சாப்பிட்டுப் படுக்கப் பார்ப்பார்கள். மீன் விற்கப் போன பெண்கள் அப்போதுதான் வீடு திரும்பி அடுப்பு மூட்டுவார்கள். இளம் தாய்மார்கள் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். மிச்சம் யார்? அந்த 7 பேர்தான். உங்கள் ஊரில் கடலுக்குப் போகாத நாள் ஞாயிறு ஒன்றுதான். அதை விட்டுவிட்டு ஒரு புதன்கிழமையைக் குறித்துவிட்டு ஆண்கள் வரவில்லை என்றால் எப்படி?

ஆனால் நேரத்தை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் நடத்திய தலைப்புகள் அத்தனையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நடத்துபவை. நம் பங்குகளில் பெரும்பாலானவர்களுக்கு மறைக்கல்வி, சிறுவயதில் பெறுகிற உறுதிபூசுதல் என்ற அருளடையாளத்தோடு முடிந்துவிடுகிறது. (சில ஊர்களில் அது ஆவியாரைப் பெறுகிற நாளாக இல்லாமல், மறைக்கல்வி வகுப்புக்கு விடைகொடுக்கிற நாளாகவே ஆகிவிட்டது. படம் எடுப்பார்கள், பிரியாணி போடுவார்கள், அடுத்த ஞாயிறு ஒருவனும் வர மாட்டான்.) அதற்குப் பிறகு அவன் கல்யாணம் செய்கிறான், படகுக்குக் கடன் வாங்குகிறான், மனைவியின் தாலியை அடகு வைக்கிறான், தம்பியைக் கடலில் பறிகொடுக்கிறான். வாழ்க்கை இவ்வளவு தூரம் போய்விட்டது. விசுவாசம் மட்டும் உறுதிபூசுதலுக்குத் தைத்த சட்டை அளவிலேயே நிற்கிறது. அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து “அருளடையாளங்கள் எத்தனை?” என்று கேட்டால், முதல் நாள் மரியாதைக்காக உட்காருவான். இரண்டாம் நாள் வர மாட்டான். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பங்குத்தந்தை சொன்னதற்கு வருகிறேன். அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பெரியவர்களை வைத்துப் பல முறை முயன்று சலித்துப்போனவர் பேசுகிற பேச்சாக அது இருக்கலாம். ஆனால் திருச்சபை அப்படிச் சொல்லவில்லை என்பதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முதல் முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை வயதை 1910-ல் குறைத்துக்கொடுத்தவர் திருத்தந்தை புனித பத்தாம் பயஸ். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1905-ல், அவர் ஒரு சுற்றுமடல் எழுதினார். ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் பிரசங்கம் போக, பெரியவர்களுக்கென்று தனியாக, எளிய நடையில் மறைக்கல்வி நடத்த வேண்டும் என்று அதில் பங்குத்தந்தையருக்குக் கட்டளையிட்டிருக்கிறார். நான்கு ஐந்து ஆண்டுகளில் முழு மறைக்கல்வியையும் நடத்தி முடிக்கும்படி சொன்னார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1971-ல் வந்த மறைக்கல்வி வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே போனது. பெரியவர்களுக்கான மறைக்கல்விதான் முதன்மையான வடிவம், மற்றவை அதை நோக்கியவை என்றது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-ல் அதையே உறுதிப்படுத்தினார். முதல் நூற்றாண்டுகளில் திருமுழுக்குக்கு முன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர்களும் பெரும்பாலும் வளர்ந்தவர்கள்தான்.

இதையெல்லாம் ஃபாதர் முன்னால் எடுத்து வைத்தால் அவர் கோபிக்கலாம். அவரிடம் தேவசகாயத்தைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் மாவட்டத்துப் புனிதர் அல்லவா! 2022 மே 15-ல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது உங்கள் ஊரிலும் வெடி போட்டிருப்பீர்கள். நீலகண்டபிள்ளையாக இருந்த அந்த மனிதர் விசுவாசத்துக்கு வந்த வழியை யாராவது பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாம் அவர் கொல்லப்பட்ட காற்றாடிமலையையும் 1752-ல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானதையும் பேசுவோம். அதற்கு முன் நடந்ததைப் பேசமாட்டோம்.

அவர் திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, குடும்பஸ்தர். சொத்தும் கால்நடையும் அடுத்தடுத்து நாசமாகி மனம் உடைந்து கிடந்த நேரம். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய், உடன் வேலை பார்த்தவர். “ஏன் இப்படி இருக்கிறீர்?” என்று விசாரித்திருக்கிறார். அந்தப் பேச்சில் யோபுவின் கதையைச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று நம் மரபு சொல்கிறது. பிறகு வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் பாடம் கேட்டு, 1745-ல் திருமுழுக்கு. ஆக, வளர்ந்த ஒரு ஆண், ஒரு பெரிய இழப்பு, அக்கறையாக விசாரித்த ஒரு சக ஊழியர், அந்த இழப்புக்குப் பொருத்தமான ஒரு விவிலியப் பகுதி. பாடம் அதற்குப் பிறகுதான் வந்தது. பாடத்தைக் கேட்கிற பசி முதலில் வந்துவிட்டது. பெரியவர்கள் மாற மாட்டார்கள் என்று கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் சொல்ல முடியாது.

நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். பெரியவர்களை ஒரு புது இடத்துக்கு வரவைக்க வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே கேள்வியோடு வந்து நிற்கிற இடங்கள் உங்கள் பங்கிலேயே இருக்கின்றன. அங்கே போய் உட்காருங்கள்.

முதல் இடம் அன்பியம், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற சிறு குழு. உங்கள் மாவட்டத்தில் அன்பியம் இல்லாத பங்கு இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் இப்போது எப்படி நடக்கிறது? முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. ஜெபமாலை முடிந்ததும், “மக்களே, நீ வாசி” என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் திருவிவிலியத்தைக் கொடுத்துவிடுவார்கள். அவள் தெளிவாக வாசிப்பாள் என்பது காரணமல்ல. பெரியவர்களுக்குத் தயக்கம். வாசித்து முடித்ததும் அன்பியத் தலைவர் போன ஞாயிறு பிரசங்கத்தில் நினைவிருந்ததைத் திருப்பிச் சொல்வார். “வேற யாராவது பகிரணுமா?” ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். உடனே சந்தா நோட்டு வெளியே வரும், திருவிழா வரி வரும், போன தடவை சப்பரத்துக்குப் பூ வாங்கிய கணக்கு வரும். அங்கேதான் எல்லாருக்கும் குரல் வரும்.

தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவாகி ஆசியத் திருச்சபை முழுவதும் பரவிய, குழுவாக விவிலியம் வாசிக்கிற ஏழு படி முறை நம்மிடம் அட்டையாகத் தொங்குகிறது. அதில் மூன்றாவது படி, மனதைத் தொட்ட ஒரு சொல்லையோ சிறு தொடரையோ ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்வது. நான்காவது அமைதி. ஆறாவது, நாம் என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுப்பது. பல ஊர்களில் இந்த மூன்றும்தான் முதலில் காணாமல்போகின்றன. மூன்றாம் படி ஏன் முக்கியம் தெரியுமா? பேசத் தெரியாதவரும் ஒரு சொல்லைச் சொல்லிவிட முடியும். நாலு வாரம் ஒரு சொல் சொன்னவர் ஐந்தாம் வாரம் ஒரு வாக்கியம் சொல்வார். ஆகவே வாசிப்பை ஒரு பெரியவரிடம் கொடுங்கள், தடுமாறினாலும் பரவாயில்லை. அமைதிக்கு மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்து. சந்தா நோட்டு கூட்டம் முடிந்த பிறகு, வேறு மேசையில்.

அதோடு கேள்வி கேட்கிற விதத்தையும் மாற்ற வேண்டும். “இந்தப் பகுதி நமக்கு என்ன கற்பிக்கிறது?” என்றால் நல்ல பிள்ளைப் பதில்தான் கிடைக்கும். “இதில் உங்களுக்குச் சரியென்று படாதது எது?” என்று கேட்டுப் பாருங்கள். மத்தேயு 20, திராட்சைத் தோட்ட வேலையாள்கள். காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம் கூலி, கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரு தெனாரியம். உங்கள் ஊர் ஆண்களிடம் இதைக் கரையில் நின்று கயிறு இழுக்கிற கரைமடி வலையில் வைத்துக் கேளுங்கள். விடிந்ததிலிருந்து கயிறு இழுத்தவனுக்கும், மடி கரையைத் தொடுகிற நேரத்தில் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தவனுக்கும் ஒரே பங்கா? “அது எப்பிடிலே சரியாவும்!” என்று யாராவது ஒருவர் கத்துவார். கத்தட்டும். “இழுக்க ஆள் கூப்பிடாததால்தானே அவன் அதுவரைக்கும் சும்மா நின்னான்?” என்று இன்னொருவர் கேட்பார். “அவன் வீட்லயும் அடுப்பு எரியணும்லா?” என்று ஒரு பெண் சொல்வார். இந்த வாக்குவாதம் அரை மணி நேரம் ஓடினால், கடவுளின் நீதிக்கும் நம் நீதிக்கும் உள்ள தூரத்தை அவர்களே அளந்துவிட்டார்கள் என்று அர்த்தம். நீங்கள் கரும்பலகை பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசியில் ஒரு கேள்வி போதும்: நம் ஊரில் யாரும் கூப்பிடாமல் சும்மா நிற்பவர் யார்? ஆறாம் படி தானாக வந்துவிடும்.

இரண்டாவது இடம் சாவு வீடு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் 7 பேரும் இங்கேதான் வருகிறார்கள்.

2004 சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல். உங்கள் கடற்கரை ஊர்களில் போனவர்கள் எத்தனை பேர், கல்லறையில் வைக்க உடல்கூடக் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். குருசடிப் பக்கம் போய் நிற்கிற ஆண்களில் ஒரு சிலருக்காவது உள்ளே உட்கார முடியாததற்குக் காரணம் அங்கே இருக்கலாம். “கடவுள் ஏன் விட்டார்?” என்பது அவர்கள் கேள்வி. அதற்கு நாம் கொடுத்த பதில் “எல்லாம் அவர் சித்தம்.” அந்தப் பதிலைச் சொல்லி ஆறுதல்படுத்தினோம் என்று நாம் நினைத்துக்கொண்டோம், கேட்டவருக்கு வாய் அடைத்துப்போனது.

விவிலியம் அப்படி அடைப்பதில்லை. யோபு கடவுளை வழக்குக்கு இழுக்கிறார். நண்பர்கள் மூவரும் கடவுளுக்காக வாதாடுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது அந்த நண்பர்கள்மேல்தான். திருப்பாடல் 88 எந்த ஆறுதலும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். மாற்கு 4-ல் புயலில் சிக்கிய சீடர்கள், நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலை இல்லையா என்று தூங்கிக்கொண்டிருந்த ஆண்டவரைத் தட்டி எழுப்புகிறார்கள். படகில் இருப்பவன் கேட்கிற அதே கேள்வி! இந்தப் பகுதிகளைச் சாவு நடந்த வீட்டில், அடக்கத்துக்குப் பிறகு மாலை ஜெபத்தில், ஒவ்வொரு நாளும் ஒன்றாக வாசிக்கலாம். விளக்கம் சொல்ல வேண்டாம். வாசித்துவிட்டு, சேர்ந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

யார் உட்காருவது? அந்த 7 பெண்கள். அவர்களில் சிலராவது விதவைகளாக இருப்பார்கள். சாகக்கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்லவும், அழுகிறவளைப் பிடித்துக்கொள்ளவும் அவர்களுக்குத் தெரியும். உங்கள் வகுப்பில் மாணவிகளாக அவர்களை உட்காரவைத்திருந்தீர்கள். இனி இருவர் இருவராக வீட்டுக்கு அனுப்புங்கள். இந்தக் காலத்து மனிதன் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே காது கொடுக்கிறான் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-லேயே எழுதினார். முதல் மாதம் நீங்களும் கூடவே போங்கள். போவதற்கு முன் எந்தப் பகுதியை வாசிக்கிறோம் என்று அரை மணி நேரம் உங்கள் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொள்ளுங்கள். புதன்கிழமை 6.30 அதற்கு நல்ல நேரம்.

30-ஆம் நாள் பூசை முடிந்தால் எல்லாரும் அந்த வீட்டை மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்காமல் ஆறாம் மாதம் ஒரு தடவை போங்கள், கல்லறை மந்திரிப்புக்கு முன் ஒரு தடவை போங்கள். ஜெபவீட்டுக்குப் போன அந்த மூன்று குடும்பங்களை விசாரித்துப் பாருங்கள். மாதாவைப் பற்றிய வசனச் சண்டையில் தோற்றுப் போனவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. வீட்டில் நோய் வந்திருக்கும், கடன் வந்திருக்கும், குடிப்பிரச்சினை இருந்திருக்கும். அன்றைக்கு யாரோ ஒருவர் அங்கிருந்து வந்து, பெயரைச் சொல்லி ஜெபித்திருப்பார். நம்மிடமிருந்து யாரும் போகவில்லை. அவர்கள்மேல் கோபப்பட நமக்கு உரிமை குறைவு.

அதற்காக மாதா கேள்விக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம் என்று சொல்லவில்லை. அருள் நிறை மந்திரத்தை வாழ்நாள் முழுக்கச் சொன்னவர்களிடம், அதன் முதல் பாதி எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். லூக்கா முதல் அதிகாரம்: 28-ஆம் வசனம் வானதூதர் சொன்னது, 42-ஆம் வசனம் எலிசபெத்து சொன்னது. அடுத்த பாதி “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பது. படகில் ஏறுகிறவன் வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறானே, “எனக்காக வேண்டிக்கோ” என்று, அதே கோரிக்கைதான். இறந்தவர்கள் கிறிஸ்துவில் வாழ்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் அவர்களிடமும் அதைக் கேட்கிறார்கள். திருவெளிப்பாடு 5:8-ல் விண்ணகத்து மூப்பர்கள் கையில் இருக்கும் கிண்ணங்களில் நிறைந்திருப்பது சாம்பிராணி, அது இறைமக்களின் வேண்டுதல்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. இவ்வளவு தெரிந்தால் போதும். இதைத் தர்க்கம் செய்யப் பயன்படுத்த வேண்டாம். அண்டை வீட்டாரோடு வசனப் போட்டி நடத்துகிற பங்கில் விசுவாசம் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது இடம், பிள்ளைக்குத் திருமுழுக்குக் கேட்டு வருகிற இளம் தம்பதி. பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் அதன் பொருளையும் அவர்கள் கடமையையும் எடுத்துச்சொல்ல வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 851 சொல்கிறது. பங்குத்தந்தை தாமாகவோ பிறர் மூலமாகவோ செய்யலாம் என்றும் சொல்கிறது. அந்தப் பிறர் நீங்கள்தான். இப்போது அது அலுவலகத்தில் படிவம் நிரப்புவதோடு முடிகிறது. சடங்கின் தொடக்கத்தில் குரு கேட்கிறார்: உங்கள் குழந்தைக்காகத் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்? தகப்பன் உடனே, குருவுக்கு உதவியாக நிற்கிற உபதேசியாரைத் திரும்பிப் பார்ப்பான். அவர் மெல்ல “திருமுழுக்கு” என்று எடுத்துக்கொடுப்பார், இவன் திருப்பிச் சொல்வான். இந்த ஒரே கேள்வியை, இரண்டு வாரம் முன்னதாக, அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். உண்மையில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள்? நோய் நொடி வரக்கூடாது என்பான். ஊருக்குள் மரியாதை என்பாள் அம்மாக்காரி, சிரித்துக்கொண்டே. அதிலிருந்து ஆரம்பிக்கலாம். இளம் ஆண்கள் மனம் திறந்து கேட்கிற காலம் வாழ்க்கையில் அதிகம் வருவதில்லை. முதல் பிள்ளை பிறந்த சமயம் அதில் ஒன்று. திருமண தயாரிப்பு வகுப்பு மறைமாவட்ட அளவில் நடக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

ஃபாதரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: திருவிழா. கொடியேற்றத்திலிருந்து தேர்பவனி வரை 10 நாள். வெளியூரில் வேலை பார்க்கிறவன்கூட லீவு போட்டு வருகிறான். இரவு திருப்பலிக்குக் கோவில் கொள்ளாத கூட்டம். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் நடக்கிற 10 நாள் வகுப்பு உங்கள் பங்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பாடத்திட்டம் போட யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். தலைமை, மறையுரை, சிறப்பிப்பது என்று மூன்று வரி. 10 நாளும் 10 ஃபாதர்கள், ஒருவர் என்ன பேசினார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. நாலு பேர் ஒரே கதையைச் சொல்வார்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் ஒரு சரடு பிடித்துக் கொடுங்கள். விசுவாசப் பிரமாணத்தையே 10 பகுதியாகப் பிரிக்கலாம். அன்றைய நாளைச் சிறப்பிக்கிற அன்பியம், ஒரு மாதம் முன்பே கூடி, அந்தப் பகுதியில் தங்களுக்குப் புரியாத இரண்டு கேள்விகளை எழுதி, மறையுரை ஆற்ற வரும் ஃபாதருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். தங்கள் கேள்விக்குப் பதில் வருகிறதா என்று பார்க்கவாவது அன்றைக்கு அந்த அன்பியத்து ஆண்கள் வெளியே போக மாட்டார்கள். இதற்குப் பைசாச் செலவில்லை. வாணவேடிக்கைக் கமிட்டியும் ஆட்சேபம் சொல்லாது.

உங்கள் மருமகள் விஷயம். யோவான் 20:23-ஐக் காட்டலாம். யாருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ என்று உயிர்த்த ஆண்டவர் சீடர்களிடம் சொன்ன இடம் அது. ஆனால் அதற்கு முன், “ஏன் கேக்கிற மக்களே?” என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். சின்ன வயதில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் யாரோ அதட்டியிருக்கலாம். சொன்னது வெளியே போய்விடுமோ என்ற பயம் இருக்கலாம். அப்படியென்றால் சட்டம் 983-ஐச் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும், எந்த வகையிலும் குரு வெளிப்படுத்தக் கூடாது. அல்லது, பட்டியல் போடுகிற அளவுக்குப் பாவம் செய்யவில்லை என்று அவள் நினைக்கலாம். புதுநன்மைக்குப் படித்த பட்டியலையே கல்யாணமானவளும் ஒப்பித்தால் அப்படித்தான் தோன்றும். பாவம் எனக்கும் கடவுளுக்கும் மட்டும் நடுவில் நடக்கிற காரியமில்லை, அது வீட்டையும் ஊரையும் காயப்படுத்துகிறது, ஆகவே மன்னிப்பும் ஒரு மனிதக் குரலில் காதில் விழ வேண்டும் என்பதே திருச்சபையின் எண்ணம். பதில் சொல்ல வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மாமியாரிடம் இதைக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே, அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்தே தேடிப் படியுங்கள்.

கடைசியாகப் புத்தகம். 1995-ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு உங்கள் ஊரில் பல வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கும். அதை வெளியே எடுக்கவைத்தால் பாதிப் பாடத்திட்டம் ஆயிற்று. மீதிக்கு, 1992-ல் திருச்சபை வெளியிட்ட மறைக்கல்வி நூலின் தமிழாக்கம் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும், நீங்கள் தேடிப் பார்ப்பதற்கு. அதைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். மறைக்கல்வி ஆசிரியர் பணியைப் பொதுநிலையினருக்கான நிலையான திருப்பணியாகவே திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதம் ஏற்படுத்தினார். அந்த 7 பேரில் இருவரையாவது மறைமாவட்ட மறைக்கல்வி நடுநிலையத்திலோ, திண்டிவனத்தில் உள்ள தமிழக அளவிலான நடுநிலையத்திலோ பயிற்சி நடக்கும்போது அனுப்பிவைக்கச் சொல்லிப் பங்குப்பேரவையில் கேளுங்கள். பயணச் செலவைப் பேரவை கொடுக்கட்டும்.

வருகிற ஞாயிறு மாலை எந்த அன்பியத்தில் கூட்டமோ அங்கே போய், கடைசி நாற்காலியில் உட்காருங்கள். முதல் இரண்டு வாரம் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். அவர்கள் சந்தா நோட்டைச் சுற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். மூன்றாம் வாரம் மத்தேயு 20.